நான் கழுவிய கிண்ணம்

வீட்டுக்குப் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். மழைக்கு முந்தின சாயங்காலம். மேற்கே வானம் கறுத்து வருகிறது. பக்கத்து வீட்டில் யாரோ கொடியிலிருந்து துணியை அவசரமாக உருவுகிறார்கள்.

கிண்ணம் என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மண் கிண்ணம். வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு. உள்ளே இறுகிக் கிடந்த மண்ணை விரலால் நெகிழ்த்தி, தேங்காய் நாரால் ஒற்றி ஒற்றி எடுக்கிறேன். உள்பக்கம் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

என் மனைவி மும்தாஜ் ஒரு நீல வாளியை என் கைக்கு நேராகத் தள்ளி வைத்தாள்.

"ஏனுங்க, ஒரு சொட்டு வெளிய போகாம வாளிக்குள்ளயே கழுவுங்க. சோப்புக் கீப்புப் போட்டுறாதீங்க, செடிக்கு ஆகாது."

"இதுக்கு எதுக்குச் சோப்பு? வெறும் மண்ணுதான்."

"அந்தப் பேச்சுப் பேசித்தான் போன வாரம் சட்டைக் காலருக்குப் போட்டீங்க."

கழுவி முடித்தேன். கிண்ணத்தைத் தூக்கி விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன். சுத்தமான சத்தம். கீறல் இல்லை, விரிசல் இல்லை. அந்த நேரத்தில் எங்கள் தெருவிலேயே என்னைவிடச் சந்தோஷமான ஆள் கிடையாது.

பிள்ளைகளா, அந்த ஒரு கழுவலால் என் வேலை போகப் பார்த்தது. இந்த வாரம் அந்தக் கதைதான்.

குழியைப் பார்ப்பது ஒரு வேலையா?

நான் இருபத்து நாலு வருஷம் நின்ற பாத்திரக் கடை மூடிவிட்டது என்று போன தடவை எழுதியிருந்தேன். "அப்புறம் என்ன வேலை செஞ்சீங்க மாமா?" என்று ஒரு பிள்ளை கார்டு போட்டுக் கேட்டிருக்கிறது.

குழியைப் பார்த்தேன். அதுதான் வேலை. சிரிக்காதீர்கள்.

பாலக்காடு என்றால் உங்களுக்கு மழையும் பச்சையும்தான் நினைவுக்கு வரும். எங்கள் ஊர் கிழக்கே, கோயமுத்தூர் பஸ் எல்லையைத் தாண்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. இங்கே காற்று வரும், மழை வராது. பனைமரமும் கரிசல் மண்ணும்தான். கிணறு மாசி மாதமே அடி தெரிந்துவிடும். வாரத்துக்கு இரண்டு தடவை டேங்கர் லாரி வந்தால் அதுவே பெருநாள்.

அப்படிப்பட்ட ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் போட ஆரம்பித்தார்கள். மெயின் ரோட்டில் ஜேசிபி இறங்கியது. பத்து நாள் கூட ஆகவில்லை, ரைஸ் மில்லுக்கு எதிரே அதன் மண் அள்ளும் வாளி ஒரு பெரிய தாழியின் மேல் இறங்கி அதை நொறுக்கிவிட்டது. ஆள் உட்காரலாம், அவ்வளவு பெரிய பானை. அந்தக் காலத்தில் இறந்துபோனவர்களின் எலும்பை அதில் வைத்துப் புதைப்பார்களாம். முதுமக்கள் தாழி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நாங்கள் தினமும் அதற்கு மேலேதான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

தொல்லியல் துறையிலிருந்து வந்தார்கள். வேலையை நிறுத்தவில்லை. ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார்கள். ஒன்று, ஜேசிபி வாளியின் பல்லை மறைத்து ஒரு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பல் இருந்தால் குத்திக் கிழித்துவிடும். தகடு இருந்தால் தோசையைத் திருப்புகிற மாதிரி மண்ணை வழித்து எடுக்கும். இரண்டு, தோண்டுகிற நேரமெல்லாம் ஒரு ஆள் குழிக்குள்ளேயே கண் வைத்து நிற்க வேண்டும்.

துறையிலிருந்து வந்தவர் லேகா மேடம். முப்பது வயதுக்குள் இருக்கும். மலையாளி, ஆனால் தமிழ் பேசுவார். அவருக்கு எங்கள் ஊரைத் தவிர அட்டப்பாடிப் பக்கம் இன்னும் இரண்டு இடம் இருந்தது. ஒரே ஆள் மூன்று குழிக்கு எப்படி நிற்பது?

அப்போது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குழியைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு பத்துப் பேர். அதில் எனக்கு மட்டும் சம்பளம் கிடைத்தது.

காது செய்த சிபாரிசு

அது இப்படி நடந்தது. லேகா மேடம் குழி ஓரம் நிற்கிறார். ஜேசிபி மண்ணை வழிக்கிறது. நான் டீ கிளாஸோடு பெஞ்சில் இருக்கிறேன். திடீரென்று என் காதில் ஒரு சத்தம் பட்டது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! அது கல்லில்ல, பானை!" என்று கத்தினேன்.

ஓட்டுகிற பழனிச்சாமி என்னை முறைத்தான். மேடம் குழிக்குள் இறங்கிக் கரண்டியால் சுரண்டிப் பார்த்தார். பானை விளிம்பு.

"இக்கா, இது எப்படி மனசிலாச்சு?" என்று கேட்டார். மலையாளத்தில் இக்கா என்றால் அண்ணன், மனசிலாச்சு என்றால் புரிந்தது.

எனக்கு என்ன தெரியும்? நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். ஆனால் இருபத்து நாலு வருஷம் பாத்திரத்தைத் தட்டியே பிழைத்தவன். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர், மண்சட்டி, எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு சத்தம். விரிசல் விட்ட சட்டி கண்ணை ஏமாற்றும், காதை ஏமாற்றாது.

அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்டது இன்னொன்றும் உண்டு. முதலாளி முதல் நாளே சொன்னார்: "காஜா, தூசியோட பாத்திரத்த ஒருத்தர் கையில குடுத்தா, அது பழசுன்னு அவங்களுக்குத் தோணிரும். தொடச்சுத்தான் குடுக்கணும்." அன்றிலிருந்து எந்தப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாலும் என் தோளில் கிடக்கும் துண்டு தானாகவே இறங்கிவிடும். கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் டம்ளரையும் சேர்த்துத் துடைத்துவிடுவேன். என் பிள்ளைகளுக்கு அதில் பெரிய வெட்கம்.

இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

லேகா மேடம் எனக்கு ஒரு நோட்டும் ஒரு அளவு டேப்பும் கொடுத்து மூன்றே விஷயம் சொன்னார். ஏதாவது கண்ணில் பட்டால் கையைத் தூக்கு. எனக்குப் போன் செய். எதையும் தொடாதே.

முதல் இரண்டையும் நான் ரொம்ப நன்றாகச் செய்தேன். பழனிச்சாமிக்கு அதுதான் எரிச்சல்.

"பாய், நீங்க கையத் தூக்கறதுக்குன்னே பொறந்தவருங்க. அந்தப் பக்கம் போற கோயமுத்தூர் பஸ்ஸு கூட நின்னுட்டுப் போவுது."

"நீ மெதுவா வழி பழனி. நான் எதுக்குக் கையத் தூக்கப் போறேன்?"

"இதுக்கு மேல மெதுவான்னா வண்டிய விட்டு எறங்கிக் கையாலதானுங்க தோண்டோணும்."

அவன் கெட்டவன் இல்லை. கடைசித் தெருவில் அவன் தங்கை வீடு. அவளுக்கும் தண்ணீர் வர வேண்டும்.

மூன்றாவது விஷயம்

அந்தச் சாயங்காலம் நாலாவது குழியில் இருந்தோம். தகடு மண்ணை வழித்துக்கொண்டு வந்தது. சத்தம் வருவதற்கு முன்னாலேயே நான் பார்த்துவிட்டேன். கரிசல் மண்ணில் ஒரு சிவப்பு வளையம், வளையல் மாதிரி.

கையைத் தூக்கினேன். போன் போட்டேன். மேடம் அன்று அட்டப்பாடி மலைமேல் இருந்தார், லைன் கிடைக்கவில்லை. ஏழெட்டுத் தடவை போட்டேன். மேற்கே மழை திரண்டுகொண்டு வந்தது. தார் ரோட்டில் விழுகிற தண்ணீர் முழுக்க அந்தக் குழிக்குள்தான் வரும்.

இதுவரை கிடைத்ததெல்லாம் உடைந்த சில்லு. இது மட்டும் முழுசாக இருந்தது.

"பாய், தண்ணி எறங்குனா அவ்வளவுதானுங்க. எடுக்கறீங்களா, உடறீங்களா?"

நான் குழிக்குள் இறங்கினேன். டேப்பை வைத்து ஆழம் அளந்தேன். கிண்ணம் இருந்த இடத்தில் ஒரு குச்சி நட்டேன். எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். பிறகு சுற்றியிருந்த மண்ணைக் கையால் விலக்கி, கிண்ணத்தை உள்ளிருந்த மண்ணோடு அப்படியே தூக்கித் துண்டில் சுற்றிக்கொண்டேன். தொட்டது தப்புதான். ஆனாலும் இன்றைக்கும் அந்த நிலைமை வந்தால் அப்படித்தான் செய்வேன் என்று நினைக்கிறேன்.

மண்ணோடேயே அதை மேசைமேல் வைத்துவிட்டுக் காலையில் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து துண்டைப் பிரித்ததும் என் மனதில் என்ன ஓடியது தெரியுமா? 'நாளைக்கு மேடம் வருவாங்க. இத்தனை அழுக்கோடயா இத அவங்க கையில குடுக்கறது?'

காலையில்

மழை ஒப்புக்குப் பெய்துவிட்டு ஓடிப்போயிருந்தது. நான் கிண்ணத்தை வெளுத்த துண்டில் பொதிந்து, மாப்பிள்ளைக்குத் தட்டு எடுத்துப் போகிற மாதிரி ரோட்டுக்குக் கொண்டுபோனேன்.

பழனிச்சாமி எட்டிப் பார்த்தான். "அட, இன்னைக்குத்தான் சூளையில எடுத்த மாதிரி இருக்குதுங்களே!" என்றான். அப்புறம் அவன் முகம் மாறியது.

"ஏனுங் பாய், இதுக்குள்ள இருந்த மண்ணு எங்கீங்க?"

"கழுவிட்டேன்."

"கழுவிட்டீங்களா? உடைஞ்ச தாழியில ஒட்டியிருந்த மண்ணையே அந்தம்மா கவர்ல அள்ளுச்சே, நீங்கதானே கவரப் புடிச்சிட்டு நின்னீங்க?"

நின்றேன்தான். கவரை நான்தான் பிடித்தேன். எதற்கு அள்ளுகிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. மண் என்றால் அழுக்கு, பாத்திரம் என்றால் சரக்கு. என் புத்தி அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டது.

தூரத்தில் மேடத்தின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

பழனிச்சாமி குரலைத் தாழ்த்தினான். "மழையில கரைஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க பாய். மழை வந்தது நெசந்தானே? நானும் ஆமாங்கறேன். வேலைய உட்டுட்டு எங்க போவீங்க?"

என் நல்லதுக்குத்தான் சொன்னான். எனக்கும் ஒரு நிமிஷம் அது நல்ல வழியாகத்தான் பட்டது.

லேகா மேடம் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஓடி வந்தார். கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே! இரண்டு கையாலும் வாங்கினார். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

"இக்கா, இதுக்குள்ள மண்ணு இருந்துச்சா?"

பழனிச்சாமி ஜேசிபி டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்துச்சு மேடம். விளிம்பு வரைக்கும் இருந்துச்சு. நான்தான் கழுவிட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுக்கி வைத்திருந்த குழாய்மேல் போய் உட்கார்ந்தார்.

"கிண்ணம் எங்க ஆபீஸ்ல வேறயும் இருக்கு இக்கா. முழுசா, மண்ணோட கிடைச்சது இதுதான். உள்ள என்ன வச்சாங்கன்னு அந்த மண்ணுதான் பறயும். சாப்பாடா, எண்ணெயா, ஒண்ணும் இல்லையா... இனி அறியாது." கிண்ணத்தை மடியில் வைத்தார். "இத நான் எழுதாம இருக்க முடியாது. ஊராளுகளை வச்சாப் போதும்னு ஆபீஸ்ல சண்டை போட்டது நான்தானே. இனி வேற ஆளை அனுப்பச் சொல்லும்."

வேலை போவதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்தப் பெண் என்னை நம்பி எங்கேயோ சண்டை போட்டிருக்கிறது.

எழுந்து இரண்டு அடி போனவர் திரும்பினார்.

"கழுகின வெள்ளத்தை எங்க ஊத்தினீங்க? ஓடையிலா, மண்ணுலா?"

வெள்ளம் என்றால் மலையாளத்தில் தண்ணீர். வேறு எந்த ஊராக இருந்தாலும் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்.

"ஊத்தல மேடம்," என்றேன். "எங்க தெருவுல தண்ணிய யாரும் ஊத்த மாட்டாங்க."

நீல வாளி

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் எப்போதும் வாளிகள் வரிசையாக நிற்கும். அரிசி கழுவின தண்ணீர் ஒன்றில், பாத்திரம் கழுவினது ஒன்றில், துணி அலசினது ஒன்றில். எது தரைக்கு, எது செடிக்கு, எது கக்கூஸுக்கு என்று மும்தாஜுக்கு மட்டும்தான் தெரியும். நடுவில் நாங்கள் கை வைத்தால் வீட்டில் சண்டைதான்.

நானும் மேடமும் போய்ச் சேர்ந்தபோது நீல வாளி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"மும்தாஜ்! நேத்து கிண்ணம் கழுவின தண்ணி எங்கே?"

"தரை தொடச்சாச்சு."

"எல்லாத்தையுமா?"

"தெளிஞ்ச தண்ணியத்தான். ராத்திரி பூராத் தெளிய வச்சு, காலையில மேலாக எடுத்தேன். இப்ப என்னத்துக்கு இந்தப் பதட்டம்?"

"அடியில இருந்த மண்ணு?"

"அந்தா, சட்டியில இருக்குது. நல்ல வண்டலுங்க. கறிவேப்பிலைக்குப் போடலாம்னு வச்சிருக்கேன்." மேடத்தைப் பார்த்து, "உள்ள வாங்க, டீ போடறேன்," என்றாள்.

மேடம் சட்டிப் பக்கம் குந்திவிட்டார். விரலால் தொடவில்லை. "சேச்சி," என்றார் மலையாளத்தில் அக்கா முறை வைத்து, "மேல எதாவது மிதந்துச்சா?"

"மெதந்துச்சு. கரிப்பொடி மாதிரி, கடுகுக் கணக்கா. அதோட எப்படித் தரை தொடைக்கறது? துணியில வடிச்சுட்டேன்."

"அந்தத் துணி?"

மும்தாஜ் கொடியைக் காட்டினாள். என் பழைய வேட்டிக் கிழிசல், நாலு மூலையும் கிளிப் போட்டுத் தொட்டில் மாதிரி தொங்கியது. காய்ந்ததும் உதறலாம் என்று விட்டிருக்கிறாள்.

மேடம் பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்துக் குனிந்தார். ஒரு காகம் கத்தியது. பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அவர் நிமிரவே இல்லை.

"இக்கா, நோக்குங்க."

நான் பார்த்தேன். கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக, சில மணிகள். சிலதில் நடுவே ஒரு கோடு கூடத் தெரிந்தது.

"தானியம். கருகினது. பச்சைத் தானியம்னா மண்ணுக்குள்ள எப்பவோ மக்கிப் போகும். கருகினா எத்தனை காலமும் இருக்கும். வெள்ளத்துல போட்டா மிதக்கும். நாங்க ஆபீஸ்ல மண்ணை வெள்ளத்துல கலக்கி, மேல வர்றதைத் துணியில வடிச்சு, நிழல்ல காய வச்சுத்தான் இத எடுக்கிறது." மும்தாஜைப் பார்த்தார். "சேச்சி இத எங்க படிச்சீங்க?"

"டேங்கர் லாரியிலங்க," என்றாள் மும்தாஜ்.

மேடம் சிரித்த சிரிப்பில் கொடியே ஆடியது. பிறகு உடனே கறாராகிவிட்டார். வீட்டுத் தானியம் கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தில், வீட்டில் சாமை, கேழ்வரகு வாங்குவதுண்டா, வாளியில் முன்னால் என்ன இருந்தது, வேட்டி கடைசியாக எப்போது துவைத்தது என்று அடுக்கடுக்காகக் கேட்டார்.

"என்ற வாளிய நான் கழுவாம வைப்பனா?" என்று மும்தாஜுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவரு கழுவறதுக்கு முன்னால ரெண்டு தடவை அலசி வச்சேன். கேளுங்க இவர."

அலசியிருந்தாள். நான் சாட்சி.

நோட்டில் எழுதியது

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை போகவில்லை. கடைசித் தெரு வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டே போனேன். பழனிச்சாமி தங்கை வீட்டுக்குத்தான் கடைசிக் குழாய். அவள் எங்கள் எல்லோருக்கும் பாயசம் வைத்துக் கொடுத்தாள். அதுவும் குழாய்த் தண்ணீரில். அந்த மணிகள் சாமைதான் என்று மேடம் பிறகு போன் செய்து சொன்னார். இறந்துபோன யாருக்கோ ஒரு கிண்ணம் சாமை வைத்திருக்கிறார்கள். எங்கள் வறண்ட மண்ணில் அன்றைக்கும் அதுதான் விளைந்திருக்கிறது. அது தெரிந்த பிறகு அந்த ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு ஏனோ ஊரில் சொந்தக்காரர்கள் கூடிவிட்ட மாதிரி இருக்கிறது.

இப்போது எங்கள் வீட்டில் குழாய் இருக்கிறது. ஆனாலும் வாளிகள் அப்படியேதான் நிற்கின்றன.

அன்று காலைக்கு வருகிறேன். மேடம் நோட்டை என்னிடம் நீட்டி, "நடந்ததை நடந்த மாதிரி நீங்களே எழுதுங்க இக்கா. தமிழ்ல போதும்," என்றார். நான் எழுதினேன். 'மழை வந்ததால் கிண்ணத்தை எடுத்தேன். வீட்டில் வைத்துக் கழுவினேன். கழுவச் சொல்லி யாரும் சொல்லவில்லை.' கடைசி வரியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. ஆனால் மழையில் கரைந்தது என்று நான் சொல்லியிருந்தால் வாளியைப் பற்றி யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள். அந்தச் சாமை கொடியிலிருந்து உதறப்பட்டு முற்றத்தோடு போயிருக்கும். அது நினைவுக்கு வந்ததும் கை ஓடியது.

மேடம் மணிகளை ஒரு சின்ன உறையில் போட்டு, மேலே ஒரு சீட்டை மலையாளத்தில் எழுதி ஒட்டினார். எனக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி நின்ற என் சின்ன மகள் ஷாஹினா எட்டிப் பார்த்தாள். அவள் படிப்பது மலையாளத்தில்தான்.

"அத்தா, இதுல அம்மா பேரு இருக்குது!"

"படி பாக்கலாம்."

"'குழி நாலு. கிண்ணத்துக்குள்ள இருந்தது.' கடைசி வரியில, 'வடிச்சது, மும்தாஜ்.'"

மும்தாஜ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவள் பேர் இதற்கு முன்னால் ரேஷன் கார்டைத் தவிர எங்கும் அச்சிலோ எழுத்திலோ வந்ததில்லை.

"உங்க பேரும் இருக்குது அத்தா. அம்மாவுக்கு முன்னாடியே போட்டிருக்காங்க."

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "என்னன்னு போட்டிருக்காங்க?"

ஷாஹினா ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

"'கழுவியது, காஜா மைதீன்.'"